உயிரோடு ஒரு வழியனுப்பு விழா

தனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்பதை லோவல் கிராபெக் மைதான வாசலில் தொங்கிய பேனரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். 'நன்றி லோவல்! உன் கடைசி ஆட்டம்!' என்றிருந்தது. பக்கத்திலேயே கெளுத்தி மீன் ஒன்று மட்டையைத் தோளில் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அது பெல்போர்ட் கெளுத்திகள் அணியின் சின்னம். ஓஹையோவில் ஊருக்கு ஒரு பேஸ்பால் அணி உண்டு. அணிக்கு ஒரு விலங்கும் உண்டு. முப்பத்தாறு வயதுக்குள் லோவல் நரி, காட்டெருமை, கொசு என்று பல ஜாதிகளில் பிறந்து, இப்போது கெளுத்தியாக இருக்கிறான். நாட்டின் முதல்தர அணிகள் ஆடும் பெரிய லீகில் ஒரு வாரம் மனிதனாகவும் இருந்திருக்கிறான்.

வாசலில் ரசிகர்களுக்கு இலவசமாக அவனுடைய தலையாட்டிப் பொம்மையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பொம்மைக்குத் தாடி இருந்தது. மட்டையை வலது கைக்காரன் போலப் பிடித்திருந்தது. லோவல் இடது கைக்காரன்; தாடி வளர்த்ததே இல்லை.

"போன வருஷம் அணியை விட்டு அனுப்பினாங்களே, அந்த கேட்சரோட பொம்மை. மிச்சம் கிடந்துச்சு. சட்டை நம்பரை மட்டும் மாத்திட்டாங்க" என்றான் டேவியன். லோவல் காவல் நிற்கும் மைதானத்தின் இடது மூலைக்கு, அதாவது இடது பீல்டுக்கு, அவனுக்கு அடுத்துக் காத்திருக்கும் இருபத்திரண்டு வயதுக்காரன். "ஆனா உன்னைவிட அழகா இருக்கு பெருசு."

லோவலுக்குப் பொம்மை பிரச்சினையில்லை. உள்ளே பார்வையாளர்களின் மூன்றாவது வரிசையில் சிவப்புத் தொப்பியோடு செபரினோ உட்கார்ந்திருந்தார். அதுதான் பிரச்சினை. மெக்சிகோவில் ஒரு அணிக்கு, குளிர்கால ஆட்டங்களுக்கு ஆள் பிடிப்பவர். நாளை விடியற்காலை அவருக்கு விமானம். இன்று லோவலைப் பார்த்தால்தான் உண்டு. அங்கே இடம் கிடைத்தால் அடுத்த வருஷமும் ஆட்டக்காரன். கிடைக்காவிட்டால் பேனர் சொன்னது உண்மையாகிவிடும்.

மேலாளர் பாரியாவிடம் போனான். அணியில் எல்லோருக்கும் அவர் 'ஸ்கிப்'.

"ஸ்கிப், நான் ஓய்வுன்னு யார்கிட்டயாவது சொன்னேனா?"

"நீ சொல்லல. முதலாளி சொன்னாரு." பாரியா சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினார். "முதல் பேட்டர் ஆடினதும் டேவியன் உள்ள வருவான். நீ கையை ஆட்டிக்கிட்டே வெளிய வரணும். சனம் எந்திரிச்சு நிக்கும்."

"வெளிய வந்தா அப்புறம் உள்ள போக முடியாது."

"பேஸ்பால் விதியை எனக்கே சொல்லித் தர்றியா?"

"ஒரே ஒரு உதவி. நான் மைதானக் கோட்டைத் தாண்டி வெளிய வர்ற வரைக்கும் ஆள் மாத்தம்னு அம்பயர்கிட்ட வாயைத் திறக்காத. நீ சொன்னாத்தானே மாத்தம் செல்லும்."

பாரியா அடுத்த விதையை வாயில் போட்டுக்கொண்டார். அவர் வாயில் விதை இருந்தால் அது சம்மதம் என்று அணியில் எல்லோருக்கும் தெரியும்.

முதலாளி ராய்ஸ் டன்னிக்ளிஃப் பழைய கார் விற்பவர். காரைப் பற்றிப் பேசிப் பழகிய வாயால் மனிதர்களைப் பற்றியும் பேசுவார். "நம் காலத்தின் மாபெரும் வீரர்! நெடிய பயணம்! குறையில்லாத ஓட்டம்!" என்று மைக்கில் முழங்கினார். வண்டி இதுவரை எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. லோவல் ஆடிய அணிகளின் பெயர்களை வாசித்தபோது, அவன் ஆடாத இரண்டும் அதில் சேர்ந்திருந்தன.

ஆட்டம் தொடங்கியது. எதிரணியின் முதல் பேட்டர் தரையோடு அடித்து அவுட்டானான். உடனே இசை ஒலித்தது, கூட்டம் எழுந்தது, டேவியன் இடது பீல்டுக்கு ஓடிவந்தான்.

"போலாமா பெருசு? எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க."

"நிக்கட்டும், காலுக்கு நல்லது."

"என்னது?"

"நான் வரல. என்னைக் கட்டிப்பிடி. அழுற மாதிரி நடி. அப்புறம் வந்த வழியே ஓடு."

"அப்ப என் ஆட்டம்?"

"உனக்கு நாளைக்கு இருக்குடா. எனக்கு அந்தச் சிவப்புத் தொப்பி இன்னிக்கு மட்டும்தான்."

டேவியன் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். பிறகு லோவலின் தோளில் முகத்தைப் புதைத்துத் தேவைக்கு மேலேயே குலுங்கினான். "முதலாளி என்னைக் கொன்னா உன் சவ அடக்கத்துக்கு வர மாட்டேன்" என்று காதில் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான்.

கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "உணர்ச்சிப் பெருக்கில் அவரால் நகரக்கூட முடியவில்லை!" என்றார் டன்னிக்ளிஃப். இசைத்தட்டு முடிந்தது. மறுபடி போட்டார்கள். அதுவும் முடிந்தது. கைதட்டிக் கைதட்டிக் கை வலித்த ரசிகர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து சாசேஜ் ரொட்டி தின்பதைத் தொடர்ந்தார்கள்.

அணியினர் உட்காரும் கொட்டகைப் பக்கம் அம்பயர் வந்தார். "ஆள் மாத்தமா, இல்லையா?"

"எந்த மாத்தம்?" என்றார் பாரியா.

அடுத்த பேட்டர் அடித்த பந்து மட்டையில் பட்ட சத்தத்திலேயே, அது எங்கே விழும் என்று லோவலுக்குத் தெரிந்துவிட்டது. பந்துக்கு முதுகைக் காட்டிவிட்டுச் சுவரை நோக்கி ஓடினான். சுவரில் டன்னிக்ளிஃப்பின் முகத்தைப் பத்தடி உயரத்துக்கு வரைந்திருந்தார்கள். அதன் மூக்கில் ஒரு காலை ஊன்றி எம்பிப் பிடித்தான். இந்த முறை கூட்டம் யாரும் சொல்லாமலே எழுந்தது.

பிறகு பேட்டிங்கில் ஒரு தடவை மூன்று பந்தையும் கோட்டைவிட்டு அவுட்டானான். இன்னொரு தடவை அடித்த பந்துக்கு ஓடித் தொட வேண்டிய முதல் பேஸோடு நிற்பதுதான் புத்தி என்று முழங்கால் சொன்னது. லோவல் அதோடு கலந்தாலோசிக்காமல் இரண்டாவது பேஸுக்கு ஓடி, புழுதி பறக்கச் சறுக்கி, அவுட்டாகாமல் பிழைத்துக்கொண்டான்.

ஆட்டம் முடிந்ததும் முதலாளி மூச்சிரைக்க வந்தார். "என் விழாவைக் கெடுத்துட்டியேப்பா!"

"கெடுக்கல சார். அடுத்த வருஷமும் வச்சுக்கலாம். பொம்மைக்கு மட்டும் தாடியை எடுத்துடுங்க."

செபரினோ கம்பிவேலி ஓரம் நின்றிருந்தார். "உனக்கு ஓய்வுன்னு மைக்குல சொன்னாங்க?"

"சொன்னவர் கார் விக்கிறவர்."

"வலது பீல்டும் ஆடுவியா?"

"பந்து எங்க வந்தாலும் ஆடுவேன்."

"அக்டோபர்ல வா. பஸ் பயணம் அதிகம், முழங்காலுக்கும் சொல்லிவை."

"ஜன்னல் சீட்டு கிடைக்குமா?"

"அதெல்லாம் பழைய ஆளுங்களுக்கு. நீ புதுசு. பஸ்ஸோட கடைசில கக்கூஸ் பக்கத்துல உக்காரணும். பழையவங்க பையைத் தூக்கணும். முதல் நாள் பாட்டும் பாடணும்."

தன்னைப் புது ஆள் என்று கடைசியாக யார் சொன்னார்கள் என்று லோவல் யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. குளியலறைக்குப் போகும் வழியிலேயே பாடிப் பார்க்கத் தொடங்கினான். குரல் சகிக்கவில்லை. அக்டோபருக்கு இன்னும் நாள் இருந்தது.