வாழ்த்துவோர் வரி காலியாக இருக்கிறது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை இலக்கிய தாகத்தில் பிறந்ததல்ல. தெருவில் கட்டுகிற ஒரு வாழ்த்துப் பெனரின் கடைசி வரியை நிரப்பப் பயந்து, அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுப்பதற்காக எழுதத் தொடங்கியது. பெனர் என் முன்னால் திரையில் திறந்து கிடக்கிறது. அதற்குச் சொந்தக்காரி றமீஸா ஐந்து மணிக்கு வருவா. அதற்குள் நான் அந்த வரியை நிரப்ப வேண்டும், அல்லது இந்தக் கதையை முடிக்க வேண்டும். கதை சுலபம் என்று பட்டது. என் புத்தி அப்படி.

என் பெயர் றமணன். கிழமை நாட்களில் அரசாங்க மொழிபெயர்ப்பாளன். சனிக்கிழமைகளில் வத்தேகமயில் நபீலின் பெனர் கடையில் தமிழ் வசனம் எழுதுகிறவன். மரண அறிவித்தல், கடை திறப்பு, பரீட்சை வாழ்த்து எல்லாம் என் கைவண்ணம். பதினொரு வருஷமாக ஒரு நாவலும் எழுதுகிறேன். அதற்கு இன்னும் வாசகர் கிடையாது. பெனருக்கு உண்டு. சந்தையடியில் பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் என்னை வாசிக்கிறார்கள். பஸ் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மலைகளின் மடியில் மஞ்சு தவழும் வத்தேகமயில், ஒரு மாலைப்பொழுதில், அவள்

(மஞ்சாவது மண்ணாங்கட்டியாவது. காலை நேரம், கொளுத்துகிற வெயில், நபீலின் காற்றாடி வேறு பழுது. விடுங்கள்.)

இரண்டாம் முயற்சி:

கணவனை இழந்த றமீஸா, கண்ணீரோடு

(கணவன் அரூஸ் நல்ல சுகமாக இருக்கிறார். கம்பளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறார். இரக்கம் வரட்டுமென்று நான்தான் அந்த மனுசனைச் சாகடிக்கப் பார்த்தேன். அழித்துவிட்டேன். அவர் ஆயுள் கெட்டி.)

சரி, நடந்ததையே எழுதுகிறேன்.

3

றமீஸா பல்லேகலயில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவ. வயது நாற்பதுக்குக் கிட்ட. கலியாணத்தோடு நின்ற படிப்பை மீண்டும் பிடித்து, சாதாரண தரப் பரீட்சையை வெளியிலிருந்து எழுதுகிறா. மற்றப் பாடங்கள் எல்லாம் சித்தி, தேறிவிட்டா. கணக்கு மட்டும் மூன்று தரம் W, அதாவது கோட்டை விட்டது. இந்த முறை S, சாதாரண சித்தி. ஆனால் அவ ஆசைப்படுகிற பாலர் பாடசாலை ஆசிரியர் பயிற்சிக்குக் கணக்கில் அதற்கு ஒரு படி மேலான C வேண்டும்.

இன்று காலை கடைக்கு வந்து, தொழிற்சாலை அடையாள அட்டையை மேசையில் வைத்தா.

"நானா, இந்தப் போட்டோவைப் போட்டு ஒரு பெனர் அடிக்கோணும். சந்தையடி பஸ் ஹோல்ட்டுக்கு முன்னால கட்டப் போற."

"ஆருக்கு, மகளுக்கா?" என்றான் நபீல். "9A யா?"

"எனக்கு. கணக்குல S."

நபீல் என்னைப் பார்த்தான். நான் காற்றாடியைப் பார்த்தேன்.

"S க்கு ஆரும் பெனர் அடிக்கிறல்லயே தங்கச்சி."

"அதுதான் நான் அடிக்கிற. 9A வை எவ்வளவு பெருசாப் போடுவீங்களோ, S ஐயும் அவ்வளவு பெருசாப் போடுங்க."

போட்டான். ஒன்பது பாடத்திலும் A எடுக்கிற 9A பிள்ளைகளுக்கு வைத்திருக்கிற கிண்ணமும் வாணவேடிக்கையும் அப்படியே இருக்க, நடுவில் சிவப்பில் ஒரு S. உண்மையைச் சொன்னால், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பிறகு கீழ்வரி வந்தது. வாழ்த்துவோர்: இன்னார்.

"குடும்பத்தினர், நண்பர்கள் எண்டு போட்டு முடிப்பமா?" என்றான் நபீல்.

"பொய் போட வேணாம் நானா. எங்கட வீட்டுல C வரட்டும், பொறகு பாப்போம் எண்டு செல்றாங்க. அரையுங்கொறையில வெளிய சென்னா கண்ணூறு படுமாம். உம்மா, எங்கட இவர், எல்லாருக்கும் ஒரே பேச்சு."

"அப்ப ஒங்கட பேரையே போடுங்க."

"நானே எனக்கு வாழ்த்துச் செல்றதா? ஒரு ஆளாவது மனசாரச் செல்லோணும்." மேசையில் கிடந்த அட்டையை எடுத்துக்கொண்டா. பிறகு குரல் உடைந்து வந்தது. "அடுத்த தரம் பரீட்சை எழுத விண்ணப்பம் போடத் திங்கட்கிழமை கடைசி. C வாற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க எண்டா, சத்தியமா எனக்கு அந்த C வேணாம். நான் களைச்சிப் போய்ட்டன்."

என் பக்கம் திரும்பினா. "சேர், ஒங்கட பேரைப் போடலாமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐந்து மணிக்கு வாங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்." கருணை மனு கைக்கு வந்த அதிகாரி மாதிரி.

4

(ஓர் இடைச்செருகல். விரும்பாதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம், நான் கோபிக்க மாட்டேன்.)

அரூஸைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? யாழ்ப்பாணத்தில் நான் கணக்கில் தொண்ணூற்றெட்டு எடுத்துக்கொண்டு போனபோது என் அப்பா ஸ்ரீஸ்கந்தராசா கேட்ட ஒரே கேள்வி: "மிச்சம் ரெண்டும் எங்கை?" அந்த இரண்டையும் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். என் நாவலின் முதலாம் அத்தியாயம் முடிந்த அன்று மனைவி றஜிதா, "ஒரு கேக் வாங்குவமே?" என்றாள். "முழுக்க முடியட்டும்" என்றேன். முடியவில்லை. கேக்கும் இல்லை. அவளும் பிறகு கேட்கவில்லை. நான் எந்த அத்தியாயத்தில் நிற்கிறேன் என்றுகூட இப்போது கேட்பதில்லை. அது எனக்கு வலிக்கிறது. இதை ஒரு பகிடிக் கதைக்குள் வைத்துச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும்.

5

முடிவுகள்.

அ) றமீஸா அடுத்த முறை C எடுக்கிறா. ஊரே திரண்டு மாலை போடுகிறது. (வாசகர் கைதட்டுவார்கள். ஆனால் அவ கேட்டது இந்தக் கைதட்டலை அல்ல. C யில் முடித்தால் நானும் அரூஸும் ஒரே கட்சி.)

ஆ) பெனர் கட்டின அன்றே மழை, காற்று. துணி கிழிந்து சாக்கடையில்

(கிழிக்கிறதென்றால் எனக்கு எப்போதும் கை துறுதுறுக்கும். வேண்டாம்.)

இ) நான் என் பெயரைப் போடுகிறேன். திங்கள் காலை வத்தேகம முழுக்க ஒரே பேச்சு: புருசன் போடாத பேரை இந்த அரசாங்கக் கந்தோர் மனுசன் ஏன் போட்டான்? றமீஸாவின் மகிழ்ச்சி போய், வீட்டில் சண்டை.

இதுதான் என் பயம் என்று அந்த வரிகளை எழுதும்போது நினைத்தேன். பொய். எழுத எழுதத்தான் பிடிபடுகிறது. ஒரு S க்கு நான் வாழ்த்துச் சொல்லிவிட்டால், பாதி நாவலுக்கு முகம் தூக்கிக்கொண்டு திரிகிற என் பதினொரு வருஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதுதான் பயம்.

6

கதையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"றஜிதா, உம்மட பேரை ஒரு பெனரிலை போடட்டே?"

"ஐயோ, ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. ஒரு பொம்பிளை கணக்கிலை S எடுத்திருக்கிறா. மூண்டு தரம் விழுந்து எழும்பி எடுத்தது."

"ஓம், போடுங்கோ. வடிவாப் போடுங்கோ." பிறகு: "வரேக்கை ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு வாங்கோ."

"என்னத்துக்கு?"

"உங்கட முதலாம் அத்தியாயத்துக்கு."

நாவல் முழுக்க முடியட்

(இந்த வசனத்தை நான் சொல்லி முடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும், நீங்களும் பாருங்கள்.)

"சரி, வாங்கிக்கொண்டு வாறன்" என்றேன். போனை வைத்துவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். நபீல் பார்த்துவிட்டான்.

"என்ன மாஸ்டர், மையத்து பெனரா?"

"இல்லையடா. உன்ர பேரையும் போடட்டே?"

"என்ட கடைப் பேர்தான் மூலையில ஈக்கே."

"அது விளம்பரம். இது வாழ்த்து."

பிடரியைச் சொறிந்தான். "சரி, போடுங்க. ஆனா நாளைக்கு W க்கும் ஆள் வந்தா நீங்கதான் பதில் செல்லோணும்."

7

ஆக, இப்போது திரையில் இருப்பது இது:

வாழ்த்துவோர்: றமணன், றஜிதா, நபீல்,

ஒரு பெயர் என்றால் ஊர் கதைக்கும். மூன்று பெயருக்கும் கொஞ்சம் கதைக்கும். வரி நிறையப் பெயர் இருந்தால் கதைக்க ஆளிருக்காது. அவர்களும் தங்கள் பெயரைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். அதனால்தான் கடைசிக் காற்புள்ளியை வைத்துவிட்டு நிற்கிறேன். முடிவு எழுதத் தெரியாமல் உங்கள் தலையில் கட்டுகிறேன் என்று நினைத்தால், அதுவும் சரிதான். பதினொரு வருஷமாக ஒன்றையும் முடிக்காதவனிடம் வேறென்ன எதிர்பார்த்தீர்கள்?

கண்ணாடிக்கு வெளியே றமீஸா றோட்டைக் கடக்கிறா. கையில் மடித்துப் பிடித்திருப்பது விண்ணப்பமாக இருக்கலாம், வெறும் பையாகவும் இருக்கலாம். இங்கிருந்து தெரியவில்லை. படியில் கால் வைக்கிறா.

உங்கட பேர் என்ன? கெதியாச் சொல்லுங்கோ.