மூன்றாவது ஓலை

இயேசுதாசன் ஆரஞ்சுப் பழம் உரித்த விதத்தில்தான் பிரிஜட்டுக்குச் சந்தேகம் விழுந்தது.

பெண் பார்க்க வந்த அன்று, சிங்கப்பூர் பஃபலோ ரோட்டு வீட்டில், அவள் அம்மா அல்போன்சம்மாள் நீட்டிய தட்டிலிருந்து ஒரு பழம் எடுத்தான். ஒவ்வொரு சுளையாகப் பிரித்து, நார் நீக்கி, கொட்டையை நகத்தால் கிள்ளியெடுத்து, தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். ஒன்றையும் வாயில் போடவில்லை. எழுந்திருக்கும்போதுதான் தான் செய்து வைத்ததைப் பார்த்து அசடு வழிந்தான்.

"சின்னப் பிள்ளைக்கு உரிச்ச மாதிரி இருக்கு" என்றாள் பிரிஜட்.

"பினாங்குல அக்கா மக இருக்கா, டீச்சர். அந்தப் பழக்கம்."

அவனுக்கு வயது முப்பத்து நான்கு. செம்பாவாங் கடற்படைத் தளத்தில் மின்வேலை. நாகப்பட்டினத்தில் பிறந்து, பினாங்கு, சிரம்பான் என்று சுற்றி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் சிங்கப்பூர் வந்தவன். ஊரில் ஒரு குடும்பமும் இங்கே ஒரு குடும்பமுமாக வாழ்ந்தவர்களில் மூன்று பேரை பிரிஜட்டுக்கே தெரியும். மூவரும் நல்ல மனிதர்கள் என்று பெயர் எடுத்தவர்கள்.

அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் பயம். சரி என்றாள். மறுநாள் அந்த மூன்று ஊர்க் கோவில்களின் பங்குச் சாமியார்களுக்குக் கடிதம் எழுதினாள்: உங்கள் திருமணப் பதிவேட்டில் இந்தப் பெயர் இருக்கிறதா?

அல்போன்சம்மாள் தபால்தலைகளைப் பார்த்துவிட்டாள். "நீ மாப்பிள்ளை பாக்குறியா, கொலைகாரனைப் பிடிக்கிறியா?"

பிரிஜட் கான்வென்ட் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். தொண்ணூற்றேழு பகா எண்ணா என்று கேட்டால் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று வகுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் போக வேண்டாம். ஏழோடு நிற்கலாம் என்பதற்குக் காரணம் உண்டு: அடுத்த பகா எண்ணான பதினொன்றை அதனாலேயே பெருக்கினால் தொண்ணூற்றேழைத் தாண்டிவிடும். இந்த இருபத்தெட்டு வயது வரை அவள் கேள்விகள் எல்லாம் அப்படி ஓரிடத்தில் முடிந்திருந்தன.

ஓப்பீர் ரோடு கோவிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். ஓலை என்பது பெயர்தான். காகிதத்தில் எழுதியதைச் சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும். முதல் ஞாயிறு யாரும் எதுவும் தெரிவிக்கவில்லை. அந்த வாரம் மூன்று பதில்களும் வந்திருந்தன. மூன்றிலும் இல்லை.

இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்து மழையில் ஒதுங்கி நின்றபோது இயேசுதாசன் சொன்னான். "ஈப்போவுல இதைவிடப் பெய்யும் டீச்சர். நாலு மாசம் துணியே காயல."

"ஈப்போவா?"

"நாலு மாசம்தான் இருந்தேன்."

அவன் சொன்ன ஊர்களில் ஈப்போ இல்லை. அன்றே அந்த ஊர்ச் சாமியாருக்கும் கடிதம் போட்டாள்.

பல்கலைக்கழகம் நடத்திய மாலைநேரத் தர்க்க வகுப்புக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள். அந்த வாரம் விரிவுரையாளர் முடிவு காணத்தக்க கேள்விகளைப் பற்றிப் பேசினார். ஒரு வழிமுறை, எத்தனை படி போனாலும், ஓரிடத்தில் நின்று ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுமானால் அந்தக் கேள்விக்கு முடிவு காணலாம். வேறு சில கேள்விகள் உண்டு. விடை ஆம் என்றால் ஒருநாள் தெரியவரும். இல்லை என்றால் எதுவும் வராது. தேடல் போய்க்கொண்டே இருக்கும்.

பிரிஜட் கை தூக்கினாள். "தேட வேண்டிய பதிவேடுகள் எத்தனை என்று தெரிந்தால்?"

"அப்போது முடிவு காணலாம்."

"தெரியாவிட்டால்? நடுவில் நிறுத்திவிட்டால்?"

"நிறுத்தலாம். அது உங்கள் முடிவு. வழிமுறை தந்த விடை அல்ல."

மூன்றாம் ஞாயிறு பூசைக்கு முன் இயேசுதாசன் கோவில் வாசலில் அவளைத் தனியே கூப்பிட்டான்.

"அக்கா எழுதியிருக்கு. பினாங்குச் சாமியார்கிட்ட என்னைப் பத்தி விசாரிச்சீங்களாம்."

"ஆமா."

"இன்னும் எங்க?"

சொன்னாள். ஈப்போவையும் சேர்த்து. அவன் கோபப்படவில்லை. கோபப்படாததையும் அவள் குறித்துக்கொண்டாள்.

"ஈப்போவுலயும் இல்லைன்னு வந்தா நிறுத்திடுவீங்களா, டீச்சர்?"

அவள் மீதமிருந்த வழிகளை எண்ணினாள். கோவிலில் பதியாமலும் குடும்பம் நடத்தலாம். வேறு பெயரிலும் பதியலாம்.

"என்ன கொண்டுவந்தா நிறுத்துவீங்க? அதையாவது சொல்லுங்க. கொண்டுவர்றேன்."

மணி அடித்தது. அவள் உள்ளே போனாள். அவன் பக்கவாட்டுக் கதவு வழியாகச் சாமியார் அறைக்குப் போனான்.

அன்று சாமியார் இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார். அவள் பெயர் வரவில்லை. முன்வரிசைத் தலைகள் திரும்பின.

"தடை சொல்லியிருக்காங்க, பிரிஜட்" என்றார் சாமியார் பிறகு.

கடைசியில் வந்துவிட்டது. "யாரு, சாமி?"

"மாப்பிள்ளைதான். பொண்ணு என்னை நம்பலை, நம்புற வரைக்கும் வாசிக்காதீங்கன்னார்."

வீடு திரும்பும் வழியில் அல்போன்சம்மாள் இரண்டடி முன்னாலேயே நடந்தாள். சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து, "திருப்தியா?" என்றாள்.

ஒளிக்க எதுவும் இல்லாதவன் காத்திருப்பான் என்று பிரிஜட் நினைத்தாள். ஒளிக்க இருப்பவனும் காத்திருப்பான் என்றும் நினைத்தாள். எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் பேசியது.

வியாழக்கிழமை ஈப்போ கடிதம் வந்தது. பேனாக்கத்தியை எடுத்தாள். வைத்தாள். சனிக்கிழமை மதியம் கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு செம்பாவாங்குக்கு பஸ் ஏறினாள்.

தளத்தின் வாயிலுக்கு இயேசுதாசன் வேலைச் சட்டையோடு வந்தான்.

"ஈப்போ பதில்" என்று நீட்டினாள். "நான் பிரிக்கல. பிரிக்கவும் வேணாம். ஓலையை வாசிக்கச் சொல்லுங்க."

அவன் உறையை வாங்கித் திருப்பினான். ஒட்டிய மடிப்பில் விரலை ஓட்டினான். வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

"ஆவி காட்டிப் பிரிச்சு, மறுபடி ஒட்டினீங்களா?"

"இல்ல."

"எப்படி நம்புறது?"

அவள் கைப்பையைத் திறந்தாள். காட்ட எதுவும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உறையைப் பிரிக்காமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

"நாளைக்குச் சாமியார்கிட்ட சொல்லிடுறேன், டீச்சர்."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. அவன் ஏன் பிரிக்கவில்லை? உள்ளே இருப்பது அவனுக்கு முன்பே தெரியுமா?

பஸ் நீ சூன் என்ற ஊரை அடையும்வரை அதையே யோசித்தாள். கேள்வியை அங்கே நிறுத்திக்கொண்டாள்.