இரண்டாவது சரி

செவிலியின் கடிதத்தை மருந்துக்கடை அக்கா மூன்றாம் தடவை படித்து முடிப்பதற்குள் காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. 'உங்கள் மென்பொருள் பவுண்டில் கொடுத்த எடையைக் கிலோவாக எடுத்துக்கொண்டு, குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து காட்டியது. கையால் கணக்குப் போட்டுப் பார்த்ததால் கொடுக்கவில்லை.'

கொடுக்கவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள், பாவம்.

எடைக்கேற்ற மருந்தளவைக் கணக்கிட எந்த மருத்துவமனையும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் அது. யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். தன்னார்வலர் பன்னிரண்டு பேரில் இருவர் பார்த்துச் 'சரி' போட்டால்தான் உள்ளே சேரும். அந்தப் பன்னிரண்டு பேரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்து, முறை வைத்து வேலை வாங்குகிறவள் இவள்தான். வினையாகிப்போன திருத்தத்திலும் இரண்டு சரி இருந்தது. முதலாவது பல் மருத்துவருடையது. மூன்றே நிமிடத்தில் விழுந்த இரண்டாவது, இவள் கூடப்பிறந்த தங்கையுடையது.

"அவர் பாத்துட்டாரேன்னு போட்டேன்க்கா," என்றாள் தங்கை.

"பின்னாடி உன் தங்கச்சி பாப்பாளேன்னு மேலோட்டமா விட்டுட்டேம்மா," என்றார் பல் மருத்துவர்.

"ஒருத்தர் முதுகுல ஒருத்தர் சாஞ்சு நல்லா தூங்கியிருக்கீங்க!"

பழுதான பகுதியை அன்றே முடக்கினாள். முறையையும் மாற்றினாள். இனி முதல் ஆள் என்ன சொன்னார் என்பது இரண்டாம் ஆளுக்குத் தெரியாது. என்ன எடை கொடுத்தோம், என்ன விடை வந்தது என்று இருவரும் தனித்தனியே எழுதவேண்டும்.

"சும்மா செய்யற வேலைக்கு சந்தேகம் வேறயா?" என்று நால்வர் கழன்றுகொண்டார்கள். ஐந்தாவது தங்கை. "ஊருக்கெல்லாம் நீ அக்கா, எனக்கு மட்டும் போலீஸு," என்று போனை வைத்துவிட்டாள்.

திருத்தத்தை அக்காவே எழுதினாள். பல் மருத்துவர் இம்முறை உட்கார்ந்து சோதித்துச் சரி போட்டார். மிச்சமிருந்தவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னதில் இரண்டாவது ஆள்தான் கிடைக்கவில்லை. அங்கங்கே செவிலியர்கள் கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உள்ளே சேர்க்கிற சாவி உன்கிட்டதானே இருக்கு? நீயே ஏத்திவிடு. நீ எழுதினது உனக்குத் தெரியாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"தெரியும்கிறதாலதாங்க பயமா இருக்கு."

ரோஷத்தைத் தூர வைத்துவிட்டுத் தங்கைக்கு ஒரு வரி எழுதினாள்: 'திரும்பி வான்னு கூப்பிடல. நான் எழுதினதுல தப்பு கண்டுபிடி.'

மறுநாள் மத்தியானம், சரி விழவேண்டிய இடத்தில் சிவப்புக் குறி விழுந்திருந்தது. கீழே தங்கையின் எழுத்து: 'ரெண்டு கிலோ கொடுத்தேன், விடை பூஜ்யம். கொறமாசக் கொழந்தைய மறந்துட்டியே மகராசி. இதையா அனுப்பப் பாத்த?'

அக்காவுக்குக் காது வரைக்கும் சுட்டது. 'ஒண்ணரை கிலோ?' என்று கேட்டாள்.

'பாத்துட்டுதான் இருக்கேன். நீ முதல்ல அதைத் திருத்து.'

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் திருத்தத்தில் பிழையான வரியை எழுத்தெழுத்தாக அழித்தாள். வெறுமையான இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.