இரண்டு பட்டை

சவரிராஜுக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைச்சல். ஐம்பது வயது, மூத்த மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிற நேரம், ஞாயிறு பூசையைத் தவறவிடாத மனிதர். ஒரு காருக்காக இப்படி வேகலாமா? வேகக்கூடாதுதான். ஆனால் நீங்கள் அந்தக் காரைப் பார்த்ததில்லை, அதனால் பேசாமல் கேளுங்கள்.

கரும்பச்சை எம்ஜி, இங்கிலாந்துக்காரன் செய்தது. இரண்டே பேர் உட்காரலாம். கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொண்டால் வானம்தான் கூரை. அறுபத்தேழில் சிங்கப்பூருக்குக் கப்பலில் வந்து இறங்கியது. சொந்தக்காரர் டாக்டர் லிம். எழுபத்தைந்தில் ஒருநாள் வழியில் நின்றுபோய், ரோவெல் ரோட்டுக்குப் பின்சந்தில் இருந்த சவரிராஜின் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அன்றிலிருந்து பதினொரு வருஷம், அந்த பானட்டுக்குள் வேறு கை நுழைந்ததில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டர் அதில் இரண்டு. இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விட வேண்டும். சவரிராஜ் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொன்றின் வாயிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்பார். மற்ற பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வருஷா வருஷம் அரசாங்கச் சோதனையில் முதல் தடவையிலேயே பாஸ் ஆன வண்டி அது.

வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு கிளம்புவார். தெருக்கோடி வரைக்கும் போனாலே போதும். இவர் சாங்கி கடற்கரை வரைக்கும் போய்த் திரும்புவார். அந்த அரை மணி நேரத்தில் அவர் பட்டறைக்காரர் இல்லை, யாரோ வேறு ஆள். ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். கஸ்டமர் வண்டியில் வீட்டு ஆளை ஏற்றுவதில்லை. ஒரு தடவை அவர் மனைவி அல்போன்சம்மாள், கோயில் திருவிழாவுக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்று, அந்தப் பச்சை வண்டியிலேயே போவோமா என்று ஆசையாகக் கேட்டாள். முடியாது என்று பஸ்ஸில் அனுப்பிவிட்டார். அவள் அப்புறம் கேட்டதே இல்லை.

எண்பத்தாறு மே மாதத்தில் டாக்டர் லிம் பட்டறைக்கு வந்து, மகனோடு பெர்த்தில் போய்த் தங்கப் போவதாகவும் வண்டியை விற்க வேண்டும் என்றும் சொன்னார். தெரிந்த ஆள் யாராவது இருந்தால் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். நெஞ்சு முழுக்க "நான் எடுத்துக்கிறேன் டாக்டர்" என்ற வார்த்தை இருந்தது. வாய் மட்டும், பார்க்கிறேன் டாக்டர் என்றது. கிரீஸ் படிந்த கால்சட்டையோடு நின்றுகொண்டு, ஓட்டை வேன் ஒன்றை வைத்துக்கொண்டு, எம்ஜி எனக்கு வேண்டும் என்று எப்படிக் கேட்பது? டாக்டர் சிரித்துவிட்டால்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வாரம் போயிற்று.

சும்மா இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. பிடோக்கில் இருந்த தன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டுக்கறிச் சாப்பாட்டின்போது, அந்த வண்டியின் பெருமையை ஒரு மணி நேரம் அளந்தார். அப்படி ஒரு இன்ஜின் இனிமேல் எவனும் செய்யப்போவதில்லை, எடுக்கிறவன் ராஜா, டாக்டர் பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டார் என்றெல்லாம் சொன்னார். எதிரே உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தவன் அவருடைய சகலை இஞ்ஞாசி. அல்போன்சம்மாளின் தங்கை மதலேனாவின் புருஷன், துறைமுகத்தில் கிளார்க், கிளமெண்டியில் வீடு. எட்டு வயது இளையவன். சவரிராஜ் சொல்வதெல்லாம் அவனுக்கு வேதவாக்கு. தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அப்படி ஆயிற்று. அடுத்த வாரம் இஞ்ஞாசி அந்த எம்ஜியை ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். தரகர் கிடையாது, நேராக டாக்டரிடமே போய்ப் பேசி வாங்கியிருந்தான்.

"நீங்க சொன்னதை வச்சுத்தான் எடுத்தேன் அண்ணே," என்றான். முகமெல்லாம் பல்.

சவரிராஜ் நல்லது தம்பி என்றார். உள்ளே போய் முகம் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

நாய்க்குக் கிடைத்த முழுத் தேங்காய்தான். இஞ்ஞாசி கியர் மாற்றுகிற சத்தம் சிராங்கூன் ரோடு முழுக்கக் கேட்டது. கிளட்சில் காலை வைத்தால் எடுக்கவே மாட்டான். சவரிராஜுக்குத் தன் பல்லை யாரோ ராவுகிற மாதிரி இருக்கும். போகட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். அதற்கு அடுத்த சனிக்கிழமை, பிடோக் வீட்டுக்குக் கீழே ஹார்ன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். எம்ஜி வந்து நின்றது. இஞ்ஞாசிக்குப் பக்கத்தில் அல்போன்சம்மாள், தலையில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கடைத்தெருவில் பார்த்து ஏற்றிக்கொண்டானாம், அப்படியே கடற்கரை ரோட்டில் ஒரு சுற்று காட்டினானாம். மதலேனாதான் அக்காவுக்கு முன்சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு பஸ் ஏறினாளாம். அல்போன்சம்மாள் மேலே வந்தபோதும் அந்தச் சிரிப்பு வாயை விட்டுப் போகவில்லை.

"காத்து மூஞ்சில அடிக்குது பாருங்க, சின்னப் புள்ளயாட்டம் ஆயிட்டேன்லா," என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். இடுப்பில் இருந்த மீன் பையை இறக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சவரிராஜ் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். ஒரு எழுத்தும் கண்ணில் ஏறவில்லை. அந்தச் சிரிப்பு தன்னுடையது. பதினொரு வருஷம் தான் சேர்த்து வைத்த சிரிப்பு. எவனோ ஒருத்தன் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டான். பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. யாரைச் சொல்கிறது என்று அதற்கே தெரியவில்லை.

அந்த வண்டிக்கு ஜூன் முப்பதோடு ரோடு டாக்ஸ் முடிகிறது. சோதனையில் பாஸ் ஆகாமல் டாக்ஸ் புதுப்பிக்க முடியாது, புதுப்பிக்காத வண்டி ரோட்டில் ஓட முடியாது. முக்கியமான சோதனை புகை. புகைக்குழாயில் ஒரு கம்பியைச் செருகி, மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். பெட்ரோல் கூடிக் காற்று குறைந்தால் முள் சிவப்புக்குப் போய்விடும். இஞ்ஞாசி சோதனைக்குத் திங்கட்கிழமை நாள் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து பட்டறையில் விட்டான். நீங்க ஒரு கை வச்சுக் குடுங்க அண்ணே, போதும் என்றான்.

சவரிராஜ் கை வைத்தார்.

கார்புரேட்டருக்கு அடியில் ஒரு சின்ன நட் இருக்கிறது. ஆறு பக்கம், அதாவது ஆறு பட்டை உள்ளது. ஒரு பட்டை கீழே திருகினால் பெட்ரோல் கொஞ்சம் கூடும். ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டார். இரண்டும் அழகாக மூச்சு விட்டன. தான் போன வருஷம் வைத்த இடத்திலேயே இருந்தன. அப்புறம் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு பட்டை கீழே இறக்கினார். அரை நிமிஷ வேலை. இரண்டு தடவை ஃபெயில் ஆனால் இஞ்ஞாசிக்கு அலுத்துவிடும், யார் தலையிலாவது கட்டினால் போதும் என்று வந்து நிற்பான், அப்போது போனால் போகிறது என்கிற மாதிரி வாங்கிக்கொள்ளலாம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் பூசை முடிந்து கோயில் வளாகத்தில் சாமியார் வண்டியை மந்திரித்து ஆசீர்வதித்தார். மதலேனாவின் ஏற்பாடு. இன்ஜினுக்கும் தீர்த்தம் தெளிக்க வேண்டும் என்று அவள் அடம்பிடித்ததால், சவரிராஜைக் கூப்பிட்டு பானட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். கூட்டம் கூடி நின்று பார்த்தது. சாமியார் தெளித்த தண்ணீர் கார்புரேட்டர் மேல் விழுந்தது, பானட்டைப் பிடித்திருந்த கையிலும் விழுந்தது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சவரிராஜும் சொன்னார். அந்தக் கையைக் கால்சட்டையில் துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை வண்டி ஃபெயில். செவ்வாய்க்கிழமை இஞ்ஞாசி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அப்போதாவது சரிசெய்து கொடுத்திருக்கலாம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், அடுப்புக்கரியாட்டம் கறுத்திருந்தது. எந்த மெக்கானிக் பார்த்தாலும் பெட்ரோல் கூடிவிட்டது என்று ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான். துடைத்து மாட்டினார். நட்டைத் தொடவில்லை. அதோடு நிறுத்தினாரா? பொய்யை அளவாகச் சொல்லத் தெரியாத மனிதர். இன்ஜின் தேய்ந்துவிட்டது, ரிங் போய்விட்டது, சாமான் சிங்கப்பூரில் கிடைக்காது, இங்கிலாந்திலும் நிறுத்திவிட்டான், டாக்டர் நல்ல நேரத்தில் கைகழுவிவிட்டார் என்று அடுக்கிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல இஞ்ஞாசியின் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க ஒரு சுகம் இருந்தது. ஆண்டவரே, இருந்தது.

அந்த வாரமே இரண்டாம் தடவை போனான். அதுவும் ஃபெயில்.

அதற்கப்புறம் சவரிராஜ் காத்திருந்தார். என்ன சொல்வது என்று வார்த்தைகூடத் தயார். குடும்பத்துக்குள்ளதானே தம்பி, கிடந்துட்டுப் போகுது, நானே வச்சுக்கிறேன். குரலில் கொஞ்சம் சலிப்பு இருக்க வேண்டும். பட்டறையின் உள்மூலையில் கிடந்த பழைய டயர்களை எல்லாம் அகற்றி, ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் கூட்டி வைத்தார். அல்போன்சம்மாளிடம், இந்த வருஷத் திருவிழாவுக்கு பஸ் வேண்டாம் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். தானாகப் போய்க் கேட்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. பெரிய சகலை சின்ன சகலையிடம் போய்க் கை நீட்டுவதா? அவனே வரட்டும். வராமல் எங்கே போவான்?

ஜூன் முப்பது போயிற்று. ஜூலை மூன்றாம் தேதி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இஞ்ஞாசி வந்தான். நடந்து வந்தான். கையில் காலுக்குப் போடுகிற சப்பாத்து வாங்கும்போது கொடுக்கிற அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. சவரிராஜ் தன் வாக்கியத்தை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தார்.

வண்டி எங்கே தம்பி என்று கேட்டார்.

டாக்ஸ் முடிந்துவிட்டது, இனி வைத்திருந்து என்ன பயன், நேற்று உடைக்கிற இடத்தில் விட்டாச்சு என்றான். நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு, நசுக்குகிற மிஷினில் போட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தானாம். மதலேனா வீட்டில் நேற்றிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாளாம்.

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றார் சவரிராஜ். சத்தம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

இஞ்ஞாசி நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கு அந்த வண்டி மேல எவ்வளவு பிரியம்னு தெரியும் அண்ணே. முதல்ல உங்களைத்தான் நெனச்சேன். ஆனா செத்த வண்டியைக் கொண்டாந்து அண்ணன் தலையில கட்டுவேனா? வெளி ஆளா இருந்தா தள்ளிவிட்டுறலாம். உங்களுக்குச் செய்யலாமா?"

சோதனை நடக்கிற இடத்தில் ஜாலான் புசார் பட்டறைக்காரர் ஒருவர், சீனர், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஐந்து நிமிஷம் கொடு, பானட்டைத் திற என்று கேட்டாராம். இஞ்ஞாசி திறக்கவில்லை. எங்க அண்ணன் பதினொரு வருஷம் பார்த்த வண்டி, அவரால் முடியாததை நீ என்னத்தைப் பார்க்கப்போகிறாய் என்று சொல்லிவிட்டானாம். இன்னொருத்தன் கையில் கொடுத்தால் உங்களை அவமானப்படுத்தினது மாதிரி ஆகாதா என்று சவரிராஜையே கேட்டான்.

பதில் சொல்ல வேண்டும். இப்போதே, இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். சவரிராஜ் வாயைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்தார். அதில் துளி சந்தேகம் இருந்திருந்தால்கூடச் சொல்லியிருப்பார். ஒன்றும் இல்லை. சாப்பிட்டாயா தம்பி என்றார்.

ஆச்சு என்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டியை மேசையில் வைத்தான். "இதை மட்டும் கழட்டி வாங்கிட்டு வந்தேன். உங்க கை பட்டது. ஞாபகத்துக்கு வச்சுக்குங்க." மதலேனா சொல்லியனுப்பியதாகவும், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கிளமெண்டிக்குச் சாப்பிட வர வேண்டும் என்றும், அல்போன்சம்மாள் மதினிக்குப் பிடித்த சுறாப்புட்டு உண்டு என்றும் சொல்லிவிட்டுப் போனான். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

பெட்டிக்குள் பழைய பேப்பரில் சுற்றி இரண்டு கார்புரேட்டரும் இருந்தன. சவரிராஜ் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் அந்த நட், அவர் விட்ட இடத்திலேயே, இரண்டு பட்டை கீழே நின்றுகொண்டிருந்தது. ரப்பர் குழாய் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. அதைப் பார்க்காமல் ஸ்பானரை எடுத்து, இரண்டு பட்டை மேலே ஏற்றினார். மற்றதையும் ஏற்றினார். அரை நிமிஷம்தான் ஆனது. அப்புறம் டயர்களைத் தூக்கிக்கொண்டு போய், கூட்டிச் சுத்தமாக வைத்திருந்த அந்த மூலையில் பழையபடி ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார்.