உம்மாவின் இரண்டாவது டிரிப்ஸ்

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கௌரவமான வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. என் உம்மாவுக்கு (மூத்தவள் நான்; ஆனாலும் தம்பி பெயரை வைத்து ஊர் அவளை உம்மு முஹன்னத், அதாவது முஹன்னதின் தாய், என்கிறது) எலும்பு தேய்ந்துவிட்டது. தும்மியதில் முதுகெலும்பு ஒன்று நசுங்கியது. இதற்கு வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து உண்டு. போன வருடம் ஏற்றியாயிற்று. நாளை காலை மறுபடி இர்பித் நகர ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வரமாட்டேன் என்கிறாள்.

2.
போன தடவை நடந்தது இது. ரமலான் முடிந்தும் உம்மா உபரி நோன்பு பிடித்திருந்தாள். டிரிப்ஸால் நோன்பு முறியுமா என்று இமாமிடம் போனில் கேட்டிருக்கிறாள். மருந்து மட்டும்தானே, முறியாது என்றிருக்கிறார். டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை.

"தண்ணி நல்லா குடிச்சீங்களா ஹஜ்ஜும்மா? காய்ச்சல் மாத்திரை போட்டாச்சா?" என்றாள் நர்ஸ்.

"ஆச்சு மகளே."

இரண்டும் பொய். உபரி நோன்பை வெளியே சொன்னால் நன்மை போய்விடுமாம். அந்தியில் மக்ரிப் பாங்கு கேட்டதும் அவள் பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் காய்ச்சல், நடுக்கம், உடம்பெல்லாம் வலி. அந்தப் பயத்தில்தான் இந்த வருடம் வரமாட்டேன் என்கிறாள். (மருந்தைப் பகைவன் என்று நினைத்து உடம்பின் காவல்படை கிளம்பிவிடுகிறது. முதல் தடவை பலருக்கு வரும், சில நாளில் போகும். மாத்திரை போட்டிருந்தால் குறைந்திருக்கும். தண்ணீர் சிறுநீரகத்துக்காக. அடுத்த தடவை பெரும்பாலும் இவ்வளவு இருக்காது. நான் மருந்தியல் படித்தவள், இந்த வீட்டின் முதல் பட்டதாரி. வீட்டில் யாரும் கேட்பதில்லை, அதனால் அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன்.)

"பக்கத்து வீட்டுக்காரி கண்ணு பட்டுருச்சு ராத்தா" என்றான் முஹன்னத்.

"கண்ணு பட்டா குளிரு நடுங்குமாடா?"

"நடுங்குச்சே!"

3.
முடிவு ஒன்று: உம்மா கண்கலங்கி, "உனக்காக வர்றேன் மகளே" என்று

இல்லை. உம்மா அப்படிப் பேசுகிறவள் இல்லை.

முடிவு இரண்டு: வரவில்லை. குளியலறையில் விழுகிறாள், இடுப்பு முறிகிறது. எழுதிப் பார்த்தேன். மூன்றே வரியில் முடிந்துவிட்டது. நிஜத்திலும் அவ்வளவு சீக்கிரம்தான் முடியும்.

4.
அவளிடமே போனேன். சுரைப்பிஞ்சில் அரிசி அடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி எழுதுற?"

"உங்க காய்ச்சலப் பத்தி."

"நோன்பு வச்சதையுமா?"

நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"அடிப்பாவி! அல்லாஹ்வுக்கு மட்டும் தெரியணும்னு வச்சத ஊருக்கே படிச்சுக் காட்டுவியா? இதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?"

"நீங்க நர்ஸ்கிட்ட சொன்ன பொய்?"

"அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ளது. நடுவுல நீ யாருடி, மருந்துக்கடை?"

கொஞ்ச நேரம் அரிசியை அடைத்தாள்.

"நோன்பு பத்தி எழுதுனத அடிச்சிரு. நாளைக்கு வர்றேன். தண்ணி குடிக்கிறேன், உன் மாத்திரையும் முழுங்குறேன். அடிக்கலன்னா வரல."

5.
இரண்டாம் பகுதியை அடித்தால் இதில் கதையே இல்லை. ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது, அவ்வளவுதான். அதே தப்பைச் செய்யப்போகிற உம்மாக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதினேன். அடிக்காவிட்டால் என் உம்மா வரமாட்டாள்.

விடிந்துவிட்டது. ஜில்பாப் அங்கியை மாட்டி, தண்ணீர் குடித்து, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"அடிச்சிட்டல்ல?"

நான் என்ன சொன்னாலும் அது உண்மையா பொய்யா என்பது நீங்கள் இரண்டாம் பகுதியைப் படித்தீர்களா என்பதில்தான் இருக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள். டாக்ஸி நிற்கிறது.