கேட்டை ஒட்டிய அறை

பொன்னாடை என்ற சொல் காதில் விழுந்ததும் ஜெய்னப் அடுப்பை அணைத்தாள். சட்டியில் பாதி வெந்த சமோசாக்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மிதந்தன. போனில் பேசியவர் மாடம்பாக்கம் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் ரங்கன். ஆண்டு விழாவில் அவளைச் சாதனைப் பெண்மணியாக மேடையேற்றப் போகிறார்களாம். எளிய தொடக்கத்திலிருந்து எப்படி எழுந்தாள் என்று நாலு வார்த்தை பேச வேண்டுமாம்.

அவள் அவர்களிடம் கேட்டிருந்ததோ, அடுக்குமாடியின் கேட்டை ஒட்டிப் பூட்டிக் கிடக்கும் அறையை வாடகைக்கு. பல்லாவரத்து வீட்டில் இனி எண்ணெய் காயக் கூடாதென்று வீட்டுக்காரர் கெடு வைத்துவிட்டார். குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை டீக்கடைகளுக்குப் போகும் சமோசா இந்த மாதத்தோடு நின்றுவிடும். அந்த அறை கிடைத்தால் மாவு பிசையும் மெஷின், பெரிய ஃப்ரீசர், தன் பெயர் போட்ட பாக்கெட், அப்புறம் ஏர்போர்ட்டுக்கே சப்ளை. இதைப் புருஷன் யாசீனிடம்கூட பாதிதான் சொல்லியிருந்தாள். முழுதும் சொன்னால் அவர் தெருவெல்லாம் சொல்லி, வேண்டிக்கொள்ளுங்கள் என்று துஆ கேட்பார்.

யாசீனுக்கு ஒரே சந்தோஷம். யாரையும் நம்பிவிடுகிற மனிதர். வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஓடாத வாட்சை, ஒருநாள் தானாக ஓடும் என்று நம்பிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ரூம் குடுக்கிறவன் ரூம குடுப்பான் மச்சான். துணி எதுக்குப் போத்துறான்?" என்றாள் ஜெய்னப்.

அது அவளுடைய தொழில் கற்றுத்தந்த சந்தேகம். 'இன்னிக்கு சமோசா பிரமாதம்க்கா' என்று ஒரு டீக்கடைக்காரன் வாயைத் திறந்தால், நேற்று விற்காமல் போனதைத் திருப்பித் தரப்போகிறான் என்று அர்த்தம். பாராட்டு முடிவதற்குள் அவள் கண் கடையின் மூலையில் மிஞ்சிய சமோசா இருக்கும் தட்டைத் தேடும்.

விழா அன்று மாலை யாசீனோடு வந்த அவளைக் கேட்டிலேயே வாட்ச்மேன் அந்தோணிசாமி ஓரங்கட்டினார். "அக்கா, ரங்கன் சாரோட மச்சினன் வந்து அந்த ரூமைப் பாத்துகினு போனாரு. தண்ணி கேன் யாவாரமாம். நான் சொன்னேன்னு சொல்லிடாத."

தட்டு எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிட்டது.

மேடையில் ரங்கன் முதலில் தன் எளிய தொடக்கத்தைச் சொன்னார். தெருவிளக்கில் படித்தாராம். அவருக்குப் பின் பேசிய தலைவரும் தெருவிளக்கில்தான் படித்திருந்தார். பொருளாளரும் அப்படியே. அந்தக் காலத்துச் செங்கல்பட்டு ஜில்லாவில் இத்தனை தெருவிளக்கு இருந்ததா, இருந்தால் வீட்டுக்குள் யார்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஜெய்னப் யோசித்தாள். அடுத்து அவளை அறிமுகப்படுத்தினார்கள். பிளாட்பாரத்தில் படுத்து, பட்டினி கிடந்து, இன்று சமோசா விற்கும் சின்னஞ்சிறு பெண்மணி. மைக் ஸ்டாண்டு அவளுடைய மூன்றரை அடி உயரத்துக்கு இறங்க மறுத்தது. அவள் மைக்கைக் கையில் பிடுங்கிக்கொண்டாள். பேசும்போது கண் கலங்கினாலும் தப்பில்லை என்று ரங்கன் ஏற்கெனவே காதோடு சொல்லியிருந்தார்.

"பிளாட்பாரத்துல எல்லாம் நான் படுத்தது இல்ல சார். எங்க அத்தா தோல் ஷாப்புல மேஸ்திரியா இருந்தாரு. வாடகை வூடுதான், ஆனா மூணு வேளை சோறு இருந்துச்சு."

கர்ச்சீப்பை எடுத்து வைத்திருந்த முன்வரிசை அம்மாள் அதை மடித்து உள்ளே வைத்தாள். ஜெய்னப் நிறுத்தவில்லை. மெஷின், ஃப்ரீசர், பாக்கெட் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். யாசீனிடம் சொல்லாத பாதியையும் சொன்னாள். ஏர்போர்ட் என்றபோது, ஓரமாக வெள்ளை ஷூவோடு நின்ற ரங்கனின் மச்சினன் வாய்விட்டுச் சிரித்தார். சின்னஞ்சிறு பெண்மணி சின்னஞ்சிறியவளாகவே இருக்கும்வரைதான் கைதட்டல் போலும்.

ரங்கன் அவசரமாகப் பொன்னாடையை விரித்தார். அவள் ஓரடி விலகினாள். மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"இத அந்தோணி அண்ணனுக்குப் போடுங்க சார். எனக்கு அந்த ரூம் சாவி போதும். குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

எல்லாரும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்காததால் சிரிப்பு பாதியில் நின்றது. கமிட்டி கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார் ரங்கன்.

"கமிட்டி மொத்தமும் முன்வரிசையிலதானே உக்காந்திருக்கு அங்கிள்?" என்றது ஒரு குரல். மூன்றாம் மாடி ஷர்மிளா. மடியில் குழந்தை, கையில் போன். போனில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

ரங்கன் போனைப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஜெய்னப்பைத் தாண்டி, மேடையோரம் வந்து நின்ற அந்தோணிசாமியிடம் நீட்டினார். அறை முழுக்க ஈரம், சுவரில் கை வைக்க முடியாது, ஒருமுறை பார்த்தால் இந்த அம்மாவே வேண்டாம் என்பார், அவரே வாய்விட்டுச் சொல்லட்டும் என்றார்.

கூட்டம் கேசரித் தட்டுகளோடு பின்னால் வந்தது. அறையின் ஷட்டர் துருப்பிடித்து இடுப்பளவில் சிக்கிக்கொண்டது. பட்டு வேட்டியோடு குனிய ரங்கனுக்கு மனம் வரவில்லை. ஜெய்னப் தலையைச் சற்றே தாழ்த்தி உள்ளே போய்விட்டாள்.

இருட்டில் சுவர் சுவராகத் தடவிப் பார்த்தாள். சருகு போல் காய்ந்திருந்தது. ஈரம் என்று ரங்கன் சொன்னது பொய் என்றால், அது அவள் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. திரும்பினாள். ஷட்டருக்குக் கீழே வரிசையாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. மச்சினனின் வெள்ளை ஷூ ரங்கனின் பட்டு வேட்டிக் கரையை நெருங்கி நின்றது. மேலே ஏதோ கிசுகிசுப்பு.

"மச்சான், ஷட்டரப் புடிச்சிகினே இருங்க. நான் எல்லாச் சுவரையும் பாத்துட்டு வெளிய வர்ற வரைக்கும் யார் சொன்னாலும் எறக்க விட்டுடாதீங்க."

யாசீனின் பத்து விரல்களும் தகரத்தின் விளிம்பைப் பற்றின. அவள் அடுத்த சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வெளியே பட்டுக் கரை ஷட்டரை நோக்கி ஓரடி முன்னால் நகர்ந்தது; யாசீனின் விரல்கள் விடவில்லை.