சிவப்புக் கதவில் ஒரு ளகரம்

என் கார்க் கதவில் ஆணியால் கீறியிருந்தார்கள். வெறும் கோடு என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். எழுத்து. முன்கதவில் தொடங்கிப் பின்கதவு வரை, சிவப்புப் பெயின்ட் போய்த் தகரம் தெரிகிற ஆழத்தில்: வாளாவெட்டி.

புருசனை விட்டு வந்தவளை ஊர் அப்படித்தான் சொல்லும். அடி வாங்கி அலுத்து வந்தவள் நான். வந்த பிறகு இந்தப் பழைய காரை வாங்கி, ஓடைப்பட்டியிலிருந்து தேனிக்கும் குமுளிக்கும் சவாரி ஓட்டுகிறேன். அதுதான் என் சோறு. வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்து அடுத்த தெருக் கயலைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். இந்தச் சொல்லைச் சுமக்கிற வண்டியில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சி ஏறுவாள்? இந்தச் சவாரி போனால் அடுத்ததும் போகும். அப்புறம் புருசன் வீட்டுக்குப் பெட்டி தூக்க வேண்டியதுதான்.

அதைத்தான் அண்ணன் ஈஸ்வரபாண்டியும் சொன்னான். வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவன். கீறலைப் பார்த்து உச்சுக் கொட்டினான். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் வாரக்கணக்கில் இழுப்பார்கள், பேசாமல் வண்டியை விற்றுவிட்டு மாப்பிள்ளையோடு போய்ச் சேர் என்று புத்தி சொன்னான்.

கேட்டபடியே எழுத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு ழகரம் நாக்கிலும் வராது, கையிலும் வராது. ஆனால் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் குட்டி வட்டம் போடுகிறவன் ஊருக்கே ஒருத்தன்தான். பெயின்டர் வரவில்லையென்று அவனே ஏணி போட்டு எழுதிய போர்டு இன்னும் தொங்குகிறது: வாளைக்காய் மண்டி. அதிலும் அதே ளகரம், அதே வட்டம். கூடப்பிறந்தவன். அழுகை வந்தது, ஆனால் அவன் முன்னால் அழவில்லை.

மறுநாள் காலையில் காரைத் தெருவிலேயே நிறுத்திக் கழுவினேன். அண்ணன் பெண்டாட்டி பவானி மதினி சாக்கோடு ஓடி வந்தாள்.

"மூடுத்தா. போறவுக வாறவுக எல்லாம் வாசிக்கிறாக."

"வாசிக்கட்டும் மதினி. எழுதுனவுகளுக்கு இல்லாத வெக்கம் எனக்கு எதுக்கு?"

மதினி தன் வீட்டு வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சாக்கைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். முதலில் 'டி' மங்கியது, பிறகு 'வெ'. 'வாளா' மட்டும் அசையவில்லை, ஆணியை அங்கேதான் அழுத்தியிருக்கிறான். பள்ளத்தை அடைக்கப் பட்டி வைக்க வேண்டும். ஓடைப்பட்டிக்காரிக்குப் பட்டி வைக்கவா தெரியாது என்று வீறாப்பாக அப்பினேன். காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. சுரண்டி எறிந்துவிட்டு, இந்தத் தடவை மெல்லிசாக இழுத்து, விரல் தட்டாத அளவுக்குத் தேய்த்தேன். அதன் மேல் பிரைமர். அதற்கும் மேல், கதவோரம் ஒட்டியிருந்த கலர் நம்பரைக் காட்டித் தேனியில் வாங்கிய சிவப்பு. அவசரப்பட்டால் வழியும். ஒரு பூச்சு காயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து அடுத்த பூச்சு வைத்தேன். கடைசியாக வார்னிஷ் அடித்துப் பாலிஷ் போட்டபோது வியாழக்கிழமை மதியம். உற்றுப் பார்த்தால் நிறம் ஒரு பொட்டு கூடத்தான் தெரியும். எனக்கு அது போதும்.

அண்ணன் கதவைத் தடவிப் பார்த்தான். "எந்த ஒர்க்சாப்புல குடுத்த?" என்றான்.

மிச்சப் பெயின்ட்டையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு நேரே மண்டிக்குப் போனேன். வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க, ஏணி போட்டு ஏறிப் போர்டிலிருந்த ளகரத்தைத் தேய்த்து அழித்தேன். பின்னாலேயே பைக்கில் வந்த அண்ணன் கீழே நின்று அண்ணாந்தான்.

"ஏ உமா, என்னத்தா பண்ற?"

"ழ போடுறேன்ணே. இனிமே என் கதவுல எழுதணும்னா, இதப் பாத்து எழுது."

நான் அவசரப்படவில்லை, வாலைச் சுழித்து நிதானமாக எழுதி முடித்துத்தான் இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை கை நிறைய வளையலோடு கயல் முன்சீட்டில் ஏறினாள். மண்டியைத் தாண்டும்போது ரோட்டில் ஆடு மாடுகூட இல்லை. இருந்தாலும் நீளமாக ஹாரன் அடித்தேன்.